கோழிக்குஞ்சுகளின் எதிர்ப்பணுக்கள் பாக்டீரியாத் தொற்றை எதிர்கொள்ளும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொரித்த அன்று துறுதுறுவென்று ஓடிய குஞ்சு, நான்காம் நாள் சிறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நின்று, ஐந்தாம் நாள் இறந்துபோவது ஏன் என்ற கேள்வியே இந்தப் பக்கத்துக்குக் காரணம். கோழி வளர்ப்போரும் கால்நடை மருத்துவம் பயில்வோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். பெரும்பாலும் சால்மோனெல்லா, ஈ. கோலை என்னும் இரு பாக்டீரியாக்களை முன்வைத்தே பேசுகிறேன். இளங்குஞ்சுகளை மிகுதியாகத் தாக்குபவை அவையே, மிகுதியாக ஆராயப்பட்டவையும் அவையே.

பொரித்து வெளிவந்த குஞ்சுக்கு நோய் எதிர்ப்புத் திறனே கிடையாது என்கிறார்களே, அது சரியா?

சரியன்று. எதிர்ப்பணுக்கள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள், முட்டைக்குள்ளேயே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. டி செல்கள் என்னும் வெள்ளையணுக்களின் மூதாதை அணுக்கள், அடைகாப்பின் ஏறத்தாழ 6ஆம், 12ஆம், 18ஆம் நாள்களையொட்டி மூன்று அலைகளாகத் தைமஸ் என்னும் சுரப்பிக்குள் நுழைகின்றன. மற்றொரு வகையான பி செல்களின் மூதாதை அணுக்கள் பர்சா என்னும் உறுப்பை ஏறக்குறைய 8ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் அடைந்துவிடுகின்றன. எனவே 21ஆம் நாள் ஓட்டை உடைத்துக்கொண்டு வரும் குஞ்சின் இரத்தத்தில் எல்லா வகை வெள்ளையணுக்களும் இருக்கும்.

குறைவது அவற்றின் வேலைத்திறன். முதல் சில நாள்களில் இந்த அணுக்கள் பாக்டீரியாவை விழுங்குவதும் விழுங்கியதைக் கொல்வதும் மந்தமாகவே நடக்கின்றன. நாளாக ஆகத்தான் அந்த வேகம் கூடுகிறது. ஒருநாள் குஞ்சின் வாய்வழியே நூறு சால்மோனெல்லா பாக்டீரியாக்கள் போனாலே அவை குடலில் குடியேறிவிடக்கூடும்; சில வாரம் வளர்ந்த கோழியில் அதே விளைவு ஏற்பட அதைப் போல் பல மடங்கு வேண்டும். குடல் நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறாததும் இதற்கு ஒரு காரணம். அதைப் பின்னால் பார்ப்போம்.

தொற்று ஏற்பட்டதும் முதலில் களத்துக்கு வருவது எந்த அணு?

ஹெட்டிரோஃபில். பாலூட்டிகளில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு செய்யும் வேலையைப் பறவைகளில் செய்வது இதுதான். குஞ்சின் முதல் வாரத்தில் உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் இந்த ஓர் அணுவைப் பொறுத்தே அமைவதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குஞ்சின் இரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பரப்பி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது நீள்வட்டச் சிவப்பணுக்களின் கூட்டம்; மனித இரத்தத்தில் இல்லாத ஒன்று அவற்றில் இருக்கும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் உட்கரு. அவற்றினூடே அங்கங்கே, மடல்மடலாகப் பிரிந்த உட்கருவோடு, செங்கல் நிறத்தில் சிறுசிறு குச்சிகளை அள்ளி நிரப்பியது போன்ற அணுக்கள் தெரியும். அவையே ஹெட்டிரோஃபில்கள். கடுமையான பாக்டீரியாத் தொற்று உள்ள குஞ்சில் இந்தப் படம் மாறிவிடும்: அணுவின் உட்பரப்பு நீலம் பாய்ந்திருக்கும், செங்கல் நிறக் குச்சிகள் குறைந்து கலைந்திருக்கும், முதிராத அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து முன்கூட்டியே வெளிவந்து இரத்தத்தில் மிதக்கும். சிவப்பணுக்களுக்கும் உறைவணுக்களுக்கும் உட்கரு இருப்பதால், மனித இரத்தத்துக்கென்று செய்யப்பட்ட தானியங்கி எண்ணும் கருவிகள் இங்கே குழம்பிப்போகும். ஆகவே, கண்ணால் பார்த்துக் கையால் எண்ணும் பழைய முறையையே பறவைகளுக்கு நான் இன்றும் நம்புகிறேன்.

எதிரி வந்திருப்பதை இந்த அணு எப்படி அறிகிறது? அதன் மேற்பரப்பிலும் உள்ளேயும் டோல் வகை ஏற்பிகள் என்னும் உணரிகள் உள்ளன. டிஎல்ஆர்4 பாக்டீரியாவின் வெளியுறையில் உள்ள கொழுப்புச் சர்க்கரையை உணர்கிறது. டிஎல்ஆர்5 பாக்டீரியாவின் கசையிழைப் புரதத்தை அடையாளம் காண்கிறது. பாக்டீரியாவின் டிஎன்ஏவை உணரப் பாலூட்டிகளிடம் உள்ள டிஎல்ஆர்9 கோழியிடம் இல்லை. அந்த வேலையை டிஎல்ஆர்21 செய்கிறது. பாலூட்டிகளிடம் காணப்படாத டிஎல்ஆர்15 என்ற ஏற்பியும் கோழிக்கு உண்டு. இவற்றில் ஒன்று தூண்டப்பட்டதும், குடற்சுவரிலிருந்தும் அங்குள்ள அணுக்களிலிருந்தும் இன்டர்லூக்கின்-8 போன்ற அழைப்புப் பொருள்கள் வெளியாகின்றன. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஹெட்டிரோஃபில்கள் அந்த வாடையைப் பிடித்து இரத்தக் குழாயைவிட்டு வெளியேறித் திசுவுக்குள் இறங்குகின்றன. சால்மோனெல்லா டைஃபிமூரியம் என்னும் வகையை வாய்வழியே பெற்ற குஞ்சின் குடலில் ஒரே நாளுக்குள் இவை குவிந்திருப்பதைத் திசுச் சீவல்களில் காணலாம்.

ஹெட்டிரோஃபில் பாக்டீரியாவைக் கொல்லும் முறை நியூட்ரோஃபிலின் முறையேதானா?

பாதி மட்டுமே ஒன்று. விழுங்குவதும், வலை போலத் தன் டிஎன்ஏவை வீசிப் பாக்டீரியாவைச் சிக்கவைப்பதும் இரண்டுக்கும் பொது. ஆனால் நியூட்ரோஃபிலின் முக்கிய ஆயுதமான மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி ஹெட்டிரோஃபிலில் இல்லை. ஆக்சிஜன் வழிப்பட்ட தாக்குதலும் அதில் வலுக்குறைந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட, அதன் செங்கல் நிறக் குச்சிகளுக்குள் பீட்டா டிஃபென்சின்கள், லைசோசைம் போன்ற பொருள்கள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. டிஃபென்சின்கள் பாக்டீரியாவின் மேல்சவ்வைத் துளைத்துக் கொல்பவை.

இதன் விளைவைப் பிணப் பரிசோதனையில் வெறுங்கண்ணாலேயே காணலாம். கோழியின் புண்ணில் மனிதப் புண்ணைப் போல நீர்த்த சீழ் வடிவதில்லை. செத்த ஹெட்டிரோஃபில்கள் கரைந்து நீராகாமல் இறுகி, மஞ்சள் கலந்த வெண்மையில் பாலாடைக்கட்டி போல் உதிரும் கட்டியாகிவிடுகின்றன. சால்மோனெல்லாவால் இறந்த குஞ்சின் குருட்டுக்குடலைக் கத்தரித்துத் திறந்தால், குடலின் வடிவிலேயே வார்த்தெடுத்தது போன்ற ஒரு கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வருவதுண்டு. அது செரிக்காத தீவனம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். போராடி மடிந்த வெள்ளையணுக்களும், உதிர்ந்த குடல் அணுக்களும், கசிந்து உறைந்த புரதமும் சேர்ந்ததே அந்தக் கட்டி.

மேக்ரோஃபேஜ்களின் பங்கு என்ன?

கிருமிகளை விழுங்கும் பெரிய வெள்ளையணுக்களான அவை இரண்டாவதாக வருபவை. ஆனால் நெடுநேரம் நிற்பவை. விழுங்கிய பாக்டீரியாவை நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்களால் தாக்குவதோடு, அதன் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டி அடுத்தகட்ட எதிர்ப்பைத் தொடங்கிவைப்பதும் இவற்றின் வேலை. பறவைகளில் ஒரு சிக்கல் உண்டு: மூச்சுப் பாதையிலும் வயிற்று உள்ளறையிலும் இயல்பான நிலையில் தங்கியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் மிகக் குறைவு. தொற்று தொடங்கிய பின்னரே அவை இரத்தத்திலிருந்து வரவழைக்கப்படுகின்றன. தூசியும் அம்மோனியா நெடியும் நிறைந்த கொட்டகையில் ஈ. கோலை மூச்சுவழியே இறங்கிக் காற்றுப்பைகளைப் பிடித்துக்கொள்வது எளிதாயிருப்பதற்கு இந்தக் காவற்குறைவும் ஒரு காரணம்.

சால்மோனெல்லா இன்னும் ஒரு படி மேலே போய், மேக்ரோஃபேஜையே தன் வீடாக்கிக்கொள்கிறது. விழுங்கப்பட்ட பின், ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியே தன் புரதங்களை அந்த அணுவின் உள்ளே செலுத்தி, தன்னைச் செரிக்கவிடாமல் தடுத்துவிடுகிறது. கொல்ல வந்த அணுவே பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்ச் சேர்கிறது.

தாய்க்கோழியிடமிருந்து வரும் எதிர்ப்பொருள்கள் குஞ்சைக் காப்பாற்றாதா?

ஓரளவு காப்பாற்றும். எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட ஒரு கிருமியில் ஒட்டிக்கொள்ளும் புரதம். தாயின் இரத்தத்திலுள்ள ஐஜிஒய் என்ற எதிர்ப்பொருள் மஞ்சள் கருவில் சேர்ந்து, அங்கிருந்து குஞ்சின் இரத்தத்துக்குப் போகிறது. ஐஜிஎம், ஐஜிஏ என்னும் வேறு இரு வகை எதிர்ப்பொருள்கள் வெண்கருவின் வழியே குடலை அடைகின்றன. பொரிக்கும் தறுவாயில் மீதமுள்ள மஞ்சள் கரு அதன் பையோடு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, முதல் சில நாள்களில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அந்த எதிர்ப்பொருள்களின் அளவு நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இந்தச் சொத்துக்கு எல்லைகள் உண்டு. தாய் எந்தக் கிருமியைச் சந்தித்ததோ, எதற்குத் தடுப்பூசி பெற்றதோ, அதற்கு எதிரான எதிர்ப்பொருளையே அது கொடுக்க முடியும். மேக்ரோஃபேஜுக்குள் ஒளிந்துவிட்ட பாக்டீரியாவை எதிர்ப்பொருள் எட்டிப்பிடிக்கவும் முடியாது. எதிர்ப்பொருளால் மூடப்பட்ட பாக்டீரியாவை விழுங்கிக் கொல்ல ஓர் அணு வேண்டும். அந்த அணுவே இன்னும் தேறாத நிலையில், தாய் கொடுத்த ஆயுதம் பாதி வீணாகிறது.

இந்த மஞ்சள் கருப் பையே ஆபத்தாகவும் மாறுவதுண்டு. தொப்புள் சரியாக மூடாத குஞ்சில் ஈ. கோலை அதன் வழியே உள்ளே நுழைந்தால், சத்து நிறைந்த வெதுவெதுப்பான ஒரு பை அதற்குக் கிடைத்துவிடுகிறது. அத்தகைய குஞ்சின் வயிறு உப்பித் தொங்கும், தொப்புள் ஈரமாகச் சிவந்திருக்கும். திறந்து பார்த்தால் மஞ்சள் கரு பொன்னிறமாக இல்லாமல் பச்சையோ பழுப்போ கலந்து, துர்நாற்றத்தோடு தண்ணீராகக் கலங்கியிருக்கும். தாயின் எதிர்ப்பொருளும் உணவும் அந்தப் பையோடு போய்விடுகின்றன.

குஞ்சு தானே எதிர்ப்பொருளை எப்போது தயாரிக்கத் தொடங்குகிறது? பர்சா என்பது என்ன?

கழிவாயின் மேற்புறம் ஒட்டியிருக்கும் சிறு பைதான் பர்சா. இத்தாலியின் பதுவா நகர உடற்கூற்றியலாளர் ஃபேப்ரிசியஸ் இதை விவரித்து எழுதியது, அவர் மறைந்த பிறகு 1621இல் அச்சேறியது. அதன் வேலை என்னவென்பது மேலும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் தெரியாமலே இருந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் குஞ்சுகளின் பர்சாவை அறுத்தெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய நண்பர் திமோத்தி சாங், எதிர்ப்பொருள் உருவாவதை வகுப்பு மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அந்தக் கோழிகளை வாங்கிச் சால்மோனெல்லாப் பொருளை ஊசியாகச் செலுத்தினார். பர்சா இல்லாத கோழிகளில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. ஒரு வகுப்புப் பாடம் தோற்றுப்போனதிலிருந்து பிறந்த இந்தக் கண்டுபிடிப்பு 1956இல் கோழியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் அணுவுக்கு இன்று மனித மருத்துவத்திலும் வழங்கும் பி செல் என்ற பெயரில் உள்ள 'பி', இந்தப் பர்சாவின் முதலெழுத்துத்தான். கோழி ஆராய்ச்சி கோழிக்கு மட்டும் உதவுவது என்று எண்ணுவோருக்கு நான் தவறாமல் சொல்வது இந்த வரலாற்றைத்தான்.

எதிர்ப்பொருளின் நுனியை வடிவமைக்கும் மரபணு, கோழியில் ஒவ்வொரு சங்கிலிக்கும் பயன்படு நிலையில் ஒன்றுதான் இருக்கிறது. பர்சாவுக்குள் வளரும் பி செல், அருகிலுள்ள செயலற்ற போலி மரபணுக்களிலிருந்து துண்டுகளை எடுத்து இந்த ஒன்றில் பதித்துப் பதித்தே எண்ணற்ற வகைகளை உண்டாக்குகிறது. அவ்வாறு தேர்ந்த செல்கள் பொரிப்பையொட்டிய நாள்களில்தான் பர்சாவைவிட்டு வெளியேறி மண்ணீரலிலும் குடலிலும் குடியேறத் தொடங்குகின்றன. ஆகவே, குடலில் குஞ்சின் சொந்த ஐஜிஏ தெளிவாகத் தென்பட ஒரு வாரத்துக்கு மேலாகிறது. வலுவான, குறிபார்த்த எதிர்ப்பொருள் உருவாக இன்னும் நாளாகும். தாயின் எதிர்ப்பொருள் இறங்கிக்கொண்டும் குஞ்சின் எதிர்ப்பொருள் இன்னும் ஏறாமலும் இருக்கும் இந்த இடைவெளியில்தான் இறப்புகள் குவிகின்றன.

அப்படியானால் சால்மோனெல்லாவை உடலிலிருந்து இறுதியில் வெளியேற்றுவது எதிர்ப்பொருள்தானா?

பெரும்பாலானோர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் பி செல்கள் நீக்கப்பட்ட கோழிகளும் சால்மோனெல்லா டைஃபிமூரியத்தை உடலிலிருந்து அகற்றிவிடுவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. முக்கியப் பங்கு டி செல்களுடையது. அவை இன்டர்ஃபெரான்-காமா என்ற பொருளைச் சுரந்து மேக்ரோஃபேஜ்களை முடுக்கிவிடும்போதுதான், உள்ளே ஒளிந்திருக்கும் பாக்டீரியா கொல்லப்படுகிறது. கோழியின் இரத்தத்தில் காமா-டெல்டா வகை டி செல்கள் மனிதரைக் காட்டிலும் மிக அதிக விகிதத்தில் உள்ளன. சால்மோனெல்லாத் தொற்றின் தொடக்கத்தில் இவற்றின் எண்ணிக்கை குடலிலும் இரத்தத்திலும் கூடுகிறது. கோழிக்கு உறையிட்ட நிணநீர்க் கணுக்கள் கிடையாது. குருட்டுக்குடல்களின் அடியிலுள்ள டான்சில்களும் மண்ணீரலுமே இந்த அணுக்கள் கூடும் இடங்கள். முதல் இரண்டு வாரங்களில் குடலின் டி செல்கள் படிப்படியாகவே முதிர்கின்றன என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

குடலில் சால்மோனெல்லா இருந்தும் சில குஞ்சுகள் நலமாகவே காணப்படுகின்றனவே?

மிக முக்கியமான கேள்வி இது. சால்மோனெல்லா என்டிரைடிடிஸ் குஞ்சின் குடலில் முதலில் அழற்சியைத் தூண்டினாலும், சில நாள்களில் அந்த அழற்சி அடங்கிவிடுகிறது. அழற்சியைக் கட்டுப்படுத்தும் டி செல்கள் கூடி, பாக்டீரியாவும் கோழியும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும் நிலை உருவாகிறது. குஞ்சு எடை கூடிக்கொண்டே போகும், எச்சத்தில் கிருமியும் போய்க்கொண்டே இருக்கும். கோழிக்கு நோயில்லை, அதன் இறைச்சியையும் முட்டையையும் உண்ணும் மனிதருக்கே ஆபத்து.

சால்மோனெல்லா புல்லோரமின் வழி வேறு. அதற்குக் கசையிழை இல்லாததால் டிஎல்ஆர்5 அதைக் காண்பதில்லை. குடலில் பெரிய அழற்சியைத் தூண்டாமலே கடந்துபோய் உள்ளுறுப்புகளை அடைகிறது. வெள்ளைக் கழிச்சலால் பல குஞ்சுகள் இறக்கின்றன. பிழைத்த பெட்டைகளில் அது மண்ணீரல் மேக்ரோஃபேஜ்களுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, முட்டையிடும் பருவத்தில் சூலகத்துக்கும் கருக்குழாய்க்கும் பரவி, முட்டை வழியே அடுத்த தலைமுறையைத் தொற்றுகிறது. பிழைத்த கோழியை அப்படியே இனப்பெருக்கத்துக்கு வைக்கக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

குடல் நுண்ணுயிர்களுக்கும் எதிர்ப்பணுக்களுக்கும் என்ன தொடர்பு?

இயற்கையில் குஞ்சு தாயின் சிறகடியில் பொரிந்து, அதன் எச்சத்தைக் கொத்தி, நன்மை தரும் நுண்ணுயிர்களை முதல் நாளே பெற்றுவிடும். பொரிப்பகத்தின் தூய்மையில் பிறக்கும் குஞ்சுக்கு அந்த வாய்ப்பில்லை; அதன் காலியான குருட்டுக்குடலை முதலில் வந்து சேரும் கிருமி பிடித்துக்கொள்கிறது. பின்லாந்தின் நுர்மியும் ரந்தலாவும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த கோழியின் குடல் உள்ளடக்கத்தைக் குஞ்சுகளுக்கு வாய்வழியே கொடுத்தபோது அவை சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் தொற்றைத் தடுத்துநின்றதைக் காட்டினார்கள். இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்வது மட்டுமன்றி, இந்த நுண்ணுயிர்கள் குடற்சுவரை இடைவிடாமல் மெல்லத் தூண்டி டி செல்களையும் ஐஜிஏ சுரக்கும் செல்களையும் முதிரவைக்கின்றன. நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்படும் குஞ்சுகளில் குடலின் எதிர்ப்புத் திசு வளர்ச்சி குன்றியே காணப்படுகிறது.

வெப்பமும் தீவனமும் எதிர்ப்பணுக்களைப் பாதிக்குமா?

மிகவும் பாதிக்கும். முதல் வாரக் குஞ்சால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் குஞ்சுகளுக்கு வெப்பமூட்டும் புரூடரில் முதல் நாள்களில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் தேவைப்படுகிறது. குளிரில் நடுங்கிய குஞ்சு சால்மோனெல்லாவுக்கு எளிதில் பலியாகும். பொரித்த பின் தீவனமும் தண்ணீரும் கிடைக்கத் தாமதமானால் குடலின் எதிர்ப்புத் திசு பிந்தியே வளர்கிறது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்துவதையும், கையால் தடவினால் கழுத்தடியிலுள்ள இரைப்பை காலியாக இருப்பதையும் கண்டும் மருந்துப் புட்டியைத் தேடுவோரைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் குஞ்சுக்குத் தேவை வெப்பமும் தீவனமும் தண்ணீரும்தான்.

மன உளைச்சலைக் கணிக்க ஹெட்டிரோஃபில்லுக்கும் லிம்ஃபோசைட்டுக்கும் (டி, பி செல்களை உள்ளடக்கிய வெள்ளையணு வகை) உள்ள விகிதத்தைப் பார்ப்பதுண்டு. ஏறத்தாழ 0.2 குறைவான உளைச்சலையும், 0.8 மிகுந்த உளைச்சலையும் காட்டுவதாகக் கொள்வது வழக்கம். ஆனால் பாக்டீரியாத் தொற்றும் இதே விகிதத்தை உயர்த்தும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது தவறு.

வைரஸ் நோய் வந்த மந்தையில் ஈ. கோலைச் சாவு கூடுவது ஏன்?

கம்போரோ நோயின் வைரஸ், பர்சாவில் வளர்ந்துகொண்டிருக்கும் பி செல்களையே அழிக்கிறது. குஞ்சு இளமையாக இருக்கும்போது அது தாக்கினால் எதிர்ப்பொருள் தயாரிக்கும் திறன் நெடுங்காலம் குன்றிவிடும். கோழி இரத்தசோகை வைரஸ் தைமஸில் வளரும் டி செல்களையும் எலும்பு மஜ்ஜையின் மூதாதை அணுக்களையும் அழிக்கிறது. இவை இரண்டில் ஒன்று வந்துபோன மந்தையில், மற்ற நேரத்தில் தீங்கின்றிக் கிடந்த ஈ. கோலையே கொல்லும் கிருமியாகிறது. மீண்டும் மீண்டும் ஈ. கோலைக்கு மருந்து கொடுத்தும் சாவு நிற்காவிட்டால் பர்சாவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எதிர்ப்பணுக்கள் முதிராத முதல் நாளிலேயே தடுப்பு மருந்து கொடுப்பதில் பயன் உண்டா?

உண்டு. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள சால்மோனெல்லாத் தடுப்பு மருந்தை முதல் நாள் வாய்வழியே கொடுக்கும்போது, எதிர்ப்பொருள் உருவாகும் முன்பே பலன் தொடங்கிவிடுகிறது. அந்தப் பாக்டீரியா குடலில் இடத்தைப் பிடித்துக்கொள்வதும், குடற்சுவருக்குள் ஹெட்டிரோஃபில்களை வரவழைத்து நிறுத்துவதும், பின்னால் வரும் தீய சால்மோனெல்லாவின் ஊடுருவலைத் தடுக்கின்றன. அதே நாளில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் தடுப்பு மருந்திலுள்ள பாக்டீரியாவும் செத்துப்போகும், குடியேறத் தொடங்கிய நல்ல நுண்ணுயிர்களும் அழியும். எனவே, முன்னெச்சரிக்கை என்ற பெயரில் முதல் நாளே தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கலக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. நோய் உறுதியான பின், கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று சோதித்து, கால்நடை மருத்துவரின் சொற்படி கொடுப்பதே முறை.